இடது சீட்டில் ஈரம்

எங்கள் குடும்பத்தில் வாகனம் என்றால் அது வேன்தான். கல்யாணத்துக்கு வேன், கருமாதிக்கு வேன், கதிர்காமத்துக்கும் வேன். சீட்டுக்கு இருவர், மடிக்கு ஒருவர், கால்மாட்டில் புளிச்சோற்று வாளி. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த நான், இரண்டே இரண்டு சீட்டு உள்ள ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கியபோது, மாத்தளையில் உள்ள என் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அது சரி புள்ள, அந்த ரெண்டாவது சீட்டு யாருக்கு?"

எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கேள்வியின் உள்ளே என்ன இருக்கிறது என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. "என் ஹேண்ட்பேக்குக்கு" என்று பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கேட்டவர்கள் போன பிறகு அந்த இடது பக்கத்துச் சீட்டைப் பார்ப்பேன். அதில் எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அதைத் தவிர அங்கே யாரும் இல்லை.

காரை நான் கண்டுபிடித்தது மாத்தளைக்கு அப்பால் நாலந்தாப் பக்கம், ஒரு தோட்டத்து பங்களாவின் பின்னால், மிளகு காயப்போடும் கொட்டகையில். வீட்டுக்காரர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். காவல்காரர் அதன் மேல் மூட்டை அடுக்கி வைத்திருந்தார். சிவப்பு நிறம் வெளுத்து, வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருந்தது. முன்விளக்கு இரண்டும் மூடிக்குள் படுத்துக்கிடக்கும், சுவிட்சைத் தட்டினால் எழுந்து பார்க்கும் வகை. காவல்காரர் ஒரு பற்றரியை வைத்துத் தட்டிக் காட்டினார். ஒரு விளக்கு மட்டும் எழுந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்த அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா மட்டும், "சின்ன வயசுலருந்தே இவளுக்கு ஒத்தக்கண்ணு பொம்மைதான் புடிக்கும்" என்றார்.

எனக்குப் பொறுமை கிடையாது, என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். ஆனால் இந்தக் காரிடம் மட்டும் நான் பசு மாதிரி இருந்தேன். பாடசாலை விட்டதும் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு அதன் அடியில் போய்ப் படுத்துவிடுவேன். போனில் வீடியோ பார்த்துத்தான் படித்தேன். எல்லா வீடியோவும் ஒரே உபதேசம்: பழைய காரைத் தொட்டால் முதலில் தண்ணீரின் பாதையைப் பார். வேண்டாத தண்ணீர் வெளியே போகிறதா, வேண்டிய தண்ணீர் உள்ளே நிற்கிறதா. மற்றதெல்லாம் அப்புறம்.

வேண்டாத தண்ணீர் மழைத் தண்ணீர். அது போவதற்கு அந்தக் காரில் ஊருப்பட்ட ஓட்டைகள். கூரை ஓரத்தில், கதவுகளின் அடியில், முக்கியமாக முன்கண்ணாடியின் கீழே, வைப்பர் நிற்கிற இடத்தில். கண்ணாடியில் வழிகிற மழை அங்கே ஒரு கம்பி வலைக்குள் இறங்கி, உள்ளே ஒரு பள்ளத்தில் சேர்ந்து, இரண்டு ஓரத்திலும் உள்ள துளை வழியாக முன்சக்கரங்களுக்குப் பின்னால் நிலத்தில் விழ வேண்டும். நான் சைக்கிள் பிரேக் கம்பியை எடுத்து ஒவ்வொரு துளையாகக் குத்தினேன். மிளகு உருண்டு வந்தது. கராம்பு வந்தது. ஏலக்காய்த் தோல் வந்தது. கதவின் அடியிலிருந்து ஒரு முழுச் சாதிக்காய் வந்து விழுந்தபோது நான் காருக்கு அடியில் தனியாகப் படுத்துக்கொண்டு சிரித்தேன். அம்மா சுளகோடு வந்து எல்லாவற்றையும் பொறுக்கிப் புடைக்க ஆரம்பித்தார்.

"நல்ல கராம்பு புள்ள. வெயில்ல போட்டா அரைச்சிரலாம்."

"அம்மா, அதுல எலி குடியிருந்துச்சி."

அம்மா சுளகைக் கவிழ்த்தார், ஆனால் கொட்டிய கராம்பை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினேன். இரண்டு சக்கரத்துக்குப் பின்னாலும் குழாய் திறந்த மாதிரி கொட்டியது. அன்றிலிருந்து அந்த வடிகால்கள் என் வடிகால்கள். பாடசாலையில் சக டீச்சர்மார் தங்கள் பிள்ளைகளின் கெட்டித்தனத்தைப் பற்றிப் பேசும்போது நான் என் வடிகால்களைப் பற்றிப் பேசினேன்.

வேண்டிய தண்ணீர்தான் தகராறு. இந்தக் காருக்கு எஞ்சின் சீட்டுகளுக்குப் பின்னால். அதைக் குளிர வைக்கிற ரேடியேட்டரோ மூக்கில். கூலன்ட் என்கிற பச்சைத் தண்ணீர் முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் நம் காலடியில் இரண்டு நீளக் குழாய்களில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய்கள் நன்றாக இருந்தன. அவற்றை இணைக்கிற ரப்பர் ஹோஸ்கள்தான் காய்ந்த கருவாடு போல வெடித்திருந்தன. அதில் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு, ரத்தோட்டை வீதியில் இருக்கும் பழைய ஜப்பான் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் வயது இருப்பார். காதோரம் நரை, சட்டைப் பையில் வேர்னியர் அளவுகோல். நான்கு தங்கைகளைக் கரை சேர்த்த அலைச்சலில் தன் கல்யாணத்தை மறந்துபோனவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் என் ஹோஸைக் கையில் வாங்கி, ஒரு நோயாளியின் நாடியைப் பார்க்கிற மாதிரி அமுக்கிப் பார்த்தார் என்பதுதான்.

"இது என்னா வண்டிங்க டீச்சர்?"

"நான் டீச்சர்னு எப்புடித் தெரியும்?"

"ஹோஸ் பூரா சோக்குக்கட்டித் தூளு ஒட்டியிருக்குங்களே."

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. காரின் பெயரைச் சொன்னேன். அவர் உள்ளே போய் நீண்ட நேரம் உருட்டிவிட்டு, வளைந்த ஒரு ஹோஸோடு வந்தார்.

"இதுக்குன்னு உள்ளது கெடைக்காது. ஆனா இதோட வளைவு சரியா வருது. இந்த எடத்துல வெட்டினா போதும்."

"இது எந்த வண்டியோடது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "வேனுங்க."

பாருங்கள், எங்கே ஓடினாலும் எங்கள் குடும்பத்தை வேன் விடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் கத்தோலிக்கர், ஞாயிறு தவறாது. "ஹோஸ் சரியா ஒக்காந்துச்சான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். "சாமான விக்கிறேன், எடுத்துட்டுப் போறாங்க. அது எங்க போயி ஓடுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்லீங்க." அடுத்த ஞாயிறும் வந்தார். ரேடியேட்டர் மூடி கொண்டுவந்தார். அதற்கடுத்த ஞாயிறு தெர்மோஸ்டாட். பிறகு கிளிப்புகள், ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு கிளிப்புகள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொண்டுவந்திருக்கலாம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவருக்கும் மெக்கானிக் வேலை தெரியாது. நான் வீடியோவைப் பார்த்துச் சொல்ல, அவர் முறுக்குவார். தப்பாக முறுக்கினால் நான் கத்துவேன். "சரிங்க டீச்சர்" என்று கழற்றுவார்.

கூலன்ட் ஊற்றிய நாளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை கிறுகிறுக்கிறது. ஊற்றுவது சுலபம், உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றுவதுதான் கஷ்டம். இவ்வளவு நீளக் குழாயில் எங்காவது ஒரு குமிழி ஒளிந்துகொண்டால் எஞ்சின் கொதித்துவிடும். காரின் மூக்கை மேலே தூக்கி வைத்தால் காற்று முன்னால் ஏறி வந்துவிடும் என்றது வீடியோ. வீடியோக்காரர்கள் அதற்கு ஜாக்கி, மரக்கட்டை என்று என்னென்னவோ வைத்தார்கள். எங்களுக்கு எதற்கு அதெல்லாம்? எங்கள் வீட்டுக்கு வருகிற பாதையே ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரித்தான். அக்கம்பக்கத்தார் தள்ள, காரை மேடு பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம்.

நான் ஊற்றினேன். அவர் கீழே படுத்துக் குழாயில் காதை வைத்துக்கொண்டார். குளுக் என்று ஒரு சத்தம். "போச்சுங்க, ஒன்னு போச்சு!" என்று கத்தினார். நான் மேலும் ஊற்றினேன். குளுக், குளுக். நானும் மறுபக்கம் படுத்துக் காதை வைத்தேன். காருக்கு அடியில் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு குளுக்குக்கும் லொத்தர் சீட்டு விழுந்தவர்கள் போலக் கத்தினோம். எஞ்சினை எழுப்பினோம். சூடு காட்டும் முள் ஏறியது, ஏறியது, நடுவில் வந்து நின்றது. முன்னால் விசிறி தானாகவே சுற்றத் தொடங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். குதித்து முடித்த பிறகும் கையை விடவில்லை. விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்த இடத்தில்தான், கிரீஸும் பச்சைத் தண்ணீரும் வடிகிற கையோடு, அந்த இரண்டாவது சீட்டு யாருக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடுகிற வண்டிக்குக் கண்ணேறு கழிக்காமல் விடுவாரா? சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார், மஞ்சள் குங்குமம் பூசினார். பிறகு ஒரு தட்டில் நவதானியம் எடுத்துவந்து, பயறும் எள்ளும் உளுந்துமாக இரண்டு கையாலும் அள்ளி, காரைச் சுற்றி வந்து கண்ணாடி மேல் போட்டார். கடைக்காரர் தன் பங்குக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு காருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நானும் கும்பிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் அடித்த பிறகு கதவைத் திறந்து பார்த்தால், இடது சீட்டின் காலடியில் தண்ணீர். கால் வைத்தால் பாதம் மூழ்கும்.

என் பக்கம் ஒரு சொட்டு இல்லை. அந்தப் பக்கம் மட்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரிடம் நானே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் கேட்க மாட்டார், இன்னும் பத்து வருடத்துக்குக் கிளிப் கொண்டுவந்துகொண்டே இருப்பார். ஆனால் வாழ்நாள் முழுக்க என் பக்கத்தில் உட்காருங்கள் என்று ஒரு மனிதரிடம் கேட்டுவிட்டு, அவரைக் குட்டையில் கால் வைத்து உட்கார வைக்க முடியுமா? எனக்கும் ஒரு மானம் இருக்கிறது. அந்தத் தரை காய்ந்த அன்றைக்கு அவரிடம் கேட்பேன், அதுவரை வாயைத் திறக்க மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதில் சண்டை தொடங்கியது. இடது பக்க டேஷ்போர்டுக்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. மாத்தளையில் ஹீட்டர் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள், ஜப்பான்காரன் அவன் குளிருக்கு வைத்தது. அதற்குள்ளும் கூலன்ட் ஓடுகிறது. ஆகவே இது அவருடைய ஹோஸ் ஒழுகுகிறது என்றேன் நான்.

"வேன் ஹோஸ மாட்டினா இப்புடித்தான் வரும்."

"ஹோஸுல ஒரு கொறையும் இல்லீங்க டீச்சர். இது மழத்தண்ணி. உங்க ஓட்ட அடைச்சிருக்கும்."

"என் ஓட்டையா? நானே குத்தி நானே கழுவினது! நாலந்தாவுலருந்து வந்த மொளகு ஒன்னு கூட மிச்சமில்ல!"

"அப்ப மோந்து பாருங்க. கூலன்ட்னா இனிப்பா வாசம் வரும். பெசபெசன்னு ஒட்டும். நாக்குல மட்டும் வச்சிராதீங்க, வெசம்."

மோந்து பார்த்தேன். கராம்பு வாசம் வந்தது. ஏலக்காய் வாசம் வந்தது. மிளகுக் கொட்டகையில் கிடந்த காரில் வேறு என்ன வாசம் வரும்? அவரும் மோந்து பார்த்துத் தும்மினார். ஆனாலும் என் வாய்க்குப் பயந்து ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் மாற்றினார். அடுத்த மழையில் மறுபடியும் குட்டை.

கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துக் கண்ணாடியில் ஊற்றுவோம். அது சக்கரத்துக்குப் பின்னால் மஞ்சளாகவே கொட்டினால் என் வடிகால் சுத்தம், குற்றம் ஹோஸின் மேல். அதை நிரூபித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆவேசம். அவர் அதே வெள்ளைச் சட்டையோடு இடது சீட்டின் கீழே மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டுக்கொண்டார், ஹோஸைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக. நான் வாளியைத் தூக்கினேன். ஒரே மூச்சில் ஊற்றினேன்.

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு வரவில்லை. உள்ளிருந்து ஒரு அலறல் வந்தது.

வெளியே வந்தவரைப் பார்த்து நான் வாளியைக் கீழே போட்டுவிட்டேன். தலை, மூக்கு, காது, கோயில் சட்டை, எல்லாம் மஞ்சள். மீசையிலிருந்து மஞ்சள் சொட்டியது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா வாயில் கை வைத்தார்.

"அடியே! மொறமாமனுக்கு ஊத்துற மாதிரி ஊத்திட்டியேடி!"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், கட்டிக்கொள்ளும் முறை உள்ள பையன்களைத் துரத்தித் துரத்திப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கத்தோலிக்கராக இருந்தால் என்ன, அவரும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்தான், இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்தான். மஞ்சளுக்கு உள்ளே அவர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அதை மறைப்பதற்காக ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து வைப்பருக்குக் கீழே இருந்த வலையின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன்.

வலை வரவில்லை. ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தோம். பிய்த்துக்கொண்டு வந்தது ஒரு வயல். உண்மையாகச் சொல்கிறேன், ஒரு குட்டி வயலே. பயறும் எள்ளும் உளுந்தும் முளைத்து, வெள்ளை வேரும் வெளிறிய தண்டுமாகப் பின்னிப் பிணைந்து, அந்தப் பள்ளம் பூராவும் மெத்தை மாதிரி படர்ந்து, இரண்டு துளையையும் இறுக்கி அடைத்திருந்தது. அம்மா கண்ணேறு கழித்துப் போட்ட நவதானியம்! மழைத்தண்ணீருக்கு வெளியே போக வழியில்லாமல், ஹீட்டருக்குக் காற்றுப் போகிற ஓட்டை வழியாக ஏறி இடது சீட்டுக்குக் குதித்திருக்கிறது. என் வடிகாலும் குற்றவாளி இல்லை, அவர் ஹோஸும் குற்றவாளி இல்லை.

அம்மா முளைப்பயறைக் கையில் வாங்கி ஆசையாகத் தடவினார். "கொறை சொல்லாதீங்க புள்ள. சாமிக்குப் போட்டது மொளச்சிருக்கு. இத விட என்னா நல்ல சகுனம் வேணும்?"

நாங்கள் இருவரும் காரின் மேல் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். மஞ்சள் முகத்தோடு அவர் சிரிக்கிறதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மேலும் சிரிப்பு வந்தது. மூச்சு விட முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சுத்தம் செய்த பிறகு எத்தனை மழை பெய்தும் தரை ஈரமாகவில்லை. கார்பெட்டைத் துவைத்துக் காயவைத்து விரித்தேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஓடிப்போய்க் கையை வைத்துப் பார்ப்பேன். காய்ந்த தரை. சத்தியப்படி நான் கேட்டிருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு ஒரு கேள்வி கேட்க நாக்கு எழவில்லை. மழையில் நிறுத்தி வைத்துப் பார்த்தது போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அவரே வழியைத் திறந்தார். கடைசித் தங்கை பல்லேகமத்தில் இருக்கிறாள், பஸ்ஸை நம்பிப் போனால் ஒரு நாள் போய்விடும், ரிவஸ்டன் மலை ஏறித்தானே போக வேண்டும், அந்த ஏற்றத்தில் கூலன்ட் எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம் என்றார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ரேடியேட்டர் மூடியைப் பார்த்துச் சொன்னார். நான் உள்ளுக்குள் தீர்மானித்துவிட்டேன். மலை உச்சி. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அங்கே கேட்டுவிடுவது.

ரத்தோட்டை தாண்டும்போதே மழை. ஒரு கையில் இஞ்சி பிளேன்டி, பால் விடாத தேநீர், ஊற்றிய பிளாஸ்கோடு அவர் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தார், என் இரண்டாவது சீட்டில், முதல் தடவையாக, ஓடுகிற காரில். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எஞ்சின் எங்கள் முதுகுக்குப் பின்னால் உறுமியது. நான் முள்ளைப் பார்த்தேன். நடுவிலேயே நின்றது. எதிரே வந்த பஸ் வழிவிட்டு, ஹோர்ன் அடித்து, அதன் ஜன்னல் பூராவும் சனம் எட்டிப் பார்த்துக் கையசைத்தது. எனக்குப் பறப்பது போல இருந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

உச்சியில் மூடுபனி. ஓரமாக நிறுத்தினேன். முள் நடுவில். எல்லாம் நான் நினைத்தபடியே. தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர்" என்றார், மெதுவாக. "காலு நனையுதுங்க."

நான் பாய்ந்துபோய் அந்தக் கதவைத் திறந்தேன். மழை என் முதுகில் அடித்தது. அவரைக் காலைத் தூக்கச் சொல்லிவிட்டு கார்பெட்டைத் தொட்டேன். ஈரம். சூடாக வேறு இருந்தது. விரலைத் தேய்த்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. மோந்து பார்த்தேன், இனிப்பு வாசம். சந்தேகமே இல்லை. கூலன்ட். ஹீட்டர் போய்விட்டது. மலை ஏறின சூட்டில் வெடித்திருக்கும். எனக்குள் அத்தனை நாளும் கட்டி வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக உடைந்தது. நடு ரோட்டில், மழையில், நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"டீச்சர், என்னாங்க இது, மாத்திரலாம், எங்கிட்ட ஒன்னு கெடக்கு..."

"உங்க சாமானும் வேணாம், ஒன்னும் வேணாம்! இன்னைக்கு உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்! தரை காஞ்சாத்தான் கேக்கிறதுன்னு சத்தியம் பண்ணியிருந்தேன்!"

"என்னா கேக்க?"

"என்னையக் கட்டிக்கிறீங்களான்னு!"

பனி எங்களைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தது. அவர் காலை டேஷ்போர்டுக்கு மேலே தூக்கி வைத்தபடி, மடங்கிய கத்தி போல உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தார். அது சாய்ந்திருந்தது. அதற்கு மூடி இல்லை. மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, வேர்னியர் அளவுகோலுக்குப் பக்கத்தில் இருந்து அந்த மூடியை வெளியே எடுத்தார்.

குனிந்து தரையைத் தொட்டு, நான் தடுப்பதற்குள் விரலை நாக்கில் வைத்தார்.

"இஞ்சி" என்றார். "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு."

நான் அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் நின்றேன்.

"உங்களுக்கு ஊத்திக் குடுக்கலாம்னு தொறந்தேங்க. அப்ப நெனச்சேன், மேல போனதும் கேட்டுறணும்னு. எப்புடிக் கேக்குறதுன்னு சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். மூடின ஞாபகமே இல்ல." அவர் மூடியை விரலால் திருப்பிக்கொண்டே இருந்தார். "ஏறுனதுலருந்து அதத்தாங்க சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க முந்திட்டீங்க."

"பதிலச் சொல்லுங்க. நான் நனையிறேன்."

"ஆமாங்க" என்றார். "ஆமாங்க டீச்சர். கட்டிக்கிறேன்."

நான் சத்தியத்தை மீறியவள். தரை காயவில்லை, கேட்டுவிட்டேன். மிச்சம் இருந்த பிளேன்டியை மூடியில் ஊற்றி இருவரும் குடித்தோம். சீனி உண்மையாகவே கூட.

பல்லேகமத்தில் தங்கை எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எதையும் கேட்காமல் நல்ல காரியத்துக்கு உரிய பாற்சோறு பொங்கினாள். இருட்டுவதற்குள் மாத்தளைக்குத் திரும்பினோம். வாசலில் நிறுத்தியதும் அம்மா குனிந்து இடது பக்கத் தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஒழுகுதா புள்ள?"

"இல்லம்மா. அது அவரோட பிளேன்டி."

பிறகு விஷயத்தைச் சொன்னோம். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குள் ஓடினார். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தார். கையில் நவதானியத் தட்டு. கண்ணில் தண்ணீர் வழிய, இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, நேராகக் காரின் கண்ணாடியைப் பார்த்து ஓங்கினார்.

"அங்க வேணாம்மா!"

இருவரும் ஒரே குரலில் கத்திக்கொண்டு, நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பாய்ந்து, வைப்பருக்குக் கீழே இருந்த வலையை நான்கு கைகளாலும் பொத்திக்கொண்டோம். அம்மா ஓங்கிய கையை நிறுத்தவில்லை. கொஞ்சம் மேலே தூக்கி, அவ்வளவு பயறையும் உளுந்தையும் எள்ளையும் எங்கள் இரண்டு பேர் தலையிலும் போட்டார்.